ரெண்டு கரைக்கும் ஒரு தரகன்

ஒரு ஊருல, ஆத்துக்கு இந்தக் கரையில, சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல. இருந்ததெல்லாம் ஒரு துண்டுக் கொல்லையும் ஒரே மக அரியநாச்சியும்தான். மகளை அக்கரைப் பட்டணத்துல கட்டிக்குடுத்திருந்தா. அந்தக் காலத்துல காயி, கீரை எல்லாத்தையும் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டு, ஆத்தை நடந்தே கடந்து, திங்கிறவங்க கையிலேயே குடுத்துட்டு வருவாங்க. சிலம்பாயியும் அப்படியே போயி மகளைப் பாத்துட்டு வருவா.

ஒரு வருசம் பெருவெள்ளம் வந்துச்சு. வெள்ளம் வடிஞ்சதும் ஒரு தரகன் பரிசலோட வந்தான். வந்து, வெள்ளத்தோட முதலை வந்து எறங்கிருச்சு, இனி எவனும் ஆத்துல கால வைக்காதீங்க, சரக்கை எங்கிட்டக் குடுங்கன்னான். அப்ப எங்களையும் ஏத்திக்கன்னாங்க. ரெண்டாவது ஆள் வாடை பட்டா முதலை பரிசலைக் கவுத்திரும்னான். நம்புனாங்களான்னு கேக்குறியா? நம்புனாங்கடா. முதலைன்னா உனக்குப் பயமில்லையா?

அப்புறம் ஒருநா தரகன் சிலம்பாயிகிட்ட வந்து, அக்கரையில பஞ்சம், உம் மக பசியில கெடக்கான்னான். இவ பதறிப்போயி பூசணிக்காயைப் பறிச்சு, எம் மககிட்டக் குடுத்துரு சாமின்னு குடுத்தா. அவன் அதை அரமனையில வித்துட்டான். மறுவாரம் வந்து, உம் மக தின்னுட்டு இன்னும் கேக்குறான்னான். அவரைக்காயைக் குடுத்தா, அதையும் வித்துட்டான். அதுக்கடுத்த வாரமும் வந்து அதையே சொன்னான். இவ வெதைக்கு வச்சிருந்த கம்பையே தூக்கிக் குடுத்தா.

அன்னிக்குப் பரிசலுக்குள்ள ஒரு சின்ன மூட்டை கெடந்துச்சு. பாத்தா, மக கல்யாணத்துக்கு இவ எடுத்துக்குடுத்த செவப்புச் சீலையோட கிழிசல். அவுத்தா உள்ள நொய்யரிசி. இது யாரு குடுத்ததுன்னு கேட்டா. தரகன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, அது என் சாப்பாடு, கீழ வையின்னான்.

சிலம்பாயி கீழ வைக்கல. மூட்டையை மடியில கட்டிக்கிட்டு ஆத்துல எறங்கிட்டா. கரையில நின்னவங்க வேணாம் வேணாம்னு கத்துனாங்க. தின்னா தின்னட்டும்னு நடந்தா. முழங்கால் நனைஞ்சுச்சு, இடுப்பு நனைஞ்சுச்சு, மறுபடி முழங்கால் தண்ணி வந்துச்சு, கரையும் வந்துருச்சு. முதலை மட்டும் வரல.

குடிசையில அரியநாச்சி எலும்பும் தோலுமா பாயில கெடந்தா. அவ புருசனும் போயிச் சேந்து, நெல்லு குத்தித்தான் பொழச்சிருக்கா. ஆத்தாளப் பாத்ததும் அவ கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா?

"ஆத்தா, அங்க மழையே இல்லையாமே. நீ பட்டினி கெடக்குறன்னு தரகன் சொன்னாரு. குத்துன கூலியை அப்படியே உனக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன். நொய்யி வந்துச்சா? சாப்ட்டியா?"

சிலம்பாயிக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு. ஆனாலும் சொன்னா, "வந்துச்சு தாயி. கஞ்சி காச்சி வயிறு நெறயக் குடிச்சேன். அந்தத் தெம்புலதான் உன்னயப் பாக்க நடந்தே வந்துட்டேன்."

பொய்தான். கேட்டுட்டு மக சிரிச்சா. மடியில இருந்த நொய்யைக் காச்சி ஊத்துனா, தொண்டையில எறங்கல. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு போயிட்டா.

சிலம்பாயி அழுத அழுகையில பட்டணமே கூடிருச்சு. சேதி ரெண்டு கரைக்கும் பரவுச்சு. தரகன் சேத்து வச்சதையெல்லாம் பரிசல்ல ஏத்திக்கிட்டு ஓடுனான். ஒரு மூட்டையைக்கூட எறக்க மனசு வரல அவனுக்கு. பாரம் தாங்காம ஆழமான மடுவுல கவுந்துச்சு. காப்பாத்துங்க, முதலையெல்லாம் கெடையாது, எறங்கி வாங்கன்னு கத்துனான். முதலை இருக்குன்னு நீதானேப்பா சொன்னன்னு ரெண்டு கரையிலயும் சனம் சும்மா நின்னுச்சு. அவன் மேல வரவேயில்ல.

அரியநாச்சி திரும்பி வந்தாளான்னு கேக்காத. போனவ எங்குட்டு வருவா. வெளைய வைக்கிறவ மொகத்தைத் திங்கிறவ பாக்கணும்டா கண்ணுகளா, பாக்காமப் போனதுக்கு ஒரு உசுரு போச்சு.

அதுலேருந்து வாராவாரம் இந்தக் கரை சனமும் அந்தக் கரை சனமும் நடு ஆத்து மணல்ல கூடி, கைக்குக் கை குடுத்து வாங்கிக்கிட்டாங்க. சிலம்பாயியும் கூடையோட வந்து உக்காருவா. வந்தவங்க வெலை கேட்டா சொல்லமாட்டா. மொதல்ல மொகத்தைப் பாத்து, சாப்ட்டியா தாயின்னு கேப்பா. சாப்ட்டேன்னு சொன்னாலும் நம்பமாட்டா, கூட ரெண்டு காயை அள்ளிப் போடுவா.

கதை ஆத்தோட போச்சு, நாம கரையில இருக்கோம். தூங்குங்க.