நரியார் செய்த பய வைத்தியம்

காட்டோரக் கண்மாய்க் கரையில் சேவுகன் என்ற ஆட்டுக்காரர் ஆடுகளை இரவில் மடக்கிக் கிடை போட்டிருந்தார். கிடைக்குக் காவல் செவலை என்ற நாய். காவல் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது! புது ஆள் வந்தால் செவலை புதருக்குள் ஓடும். புது நாய் குரைத்தால் ஆடுகளுக்கு நடுவில் ஒளியும். குட்டியாக இருந்தபோது நாய்க்கூட்டம் ஒன்று அதைக் கடித்துக் குதறியிருந்தது, பாவம்.

ஒருநாள் சேவுகன் தன் மனைவியிடம் சொன்னது அதன் காதில் விழுந்தது.

"வைகாசி பொறந்ததும் மூணு கிடை இங்க ஒண்ணாச் சேரும். பத்து நாய், இருபது ஆளு. அதுக்குள்ள இது தேறலைன்னா, இங்கேயே விட்டுட்டுப் போகவேண்டியதுதான்."

செவலைக்கு உயிரே போய்விட்டது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து அழுதது.

உடனே வந்துவிட்டார் நரியார்! யாராவது அழுதால் போதும், புத்தி சொல்ல அவருக்கு நாக்கு அரிக்கும். எந்த நாயின் எதிரிலும் அரை நிமிஷம் நின்றதில்லை இந்த மகா வீரர்.

"அட, இதுக்கா அழுகுறே? சந்தைமேட்டுக்குப் போ. அங்க இருக்கிற நாய்க்கூட்டத்துக்கு நட்ட நடுவுல நில்லு. என்ன ஆனாலும் ஓடாதே! பயம் தானாப் பறந்துடும்!"

செவலை நம்பிப் போனது. நாய்கள் சூழ்ந்தன. நடுக்கம் தாங்காமல் முதலில் கடித்ததே செவலைதான். அப்புறம் கேட்கவா வேண்டும்? காது கிழிந்து நொண்டிக்கொண்டு திரும்பியது.

"என் வைத்தியத்துல குத்தமில்லை. நீதான் சுத்தக் கோழை!" என்றார் நரியார். நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

தண்ணீரில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது.

"அந்தாளு பேச்சை விடு. எவ்வளவு தள்ளி நின்னா உனக்குத் தீனி தொண்டையில இறங்குதோ, அங்க நில்லு. இறங்கலையா, இன்னும் பின்னால வா. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

மறுநாள் அக்கரையில் ஒரு வெள்ளை நாய் தண்ணீர் குடிக்க வந்தது. இக்கரையில் எருமையின் முதுகுக்குப் பின்னால் நின்று செவலை ஒரு கருவாட்டுத் தலையைத் தின்றது. இறங்கிவிட்டது! அடுத்த நாள் பத்தடி கிட்டே போனது. இன்னொரு நாள் தீனி இறங்கவில்லை, இருபதடி பின்வாங்கியது. எருமையும் கூடவே பின்னால் வந்தது. சித்திரை முடிவதற்குள் இரண்டு நாய்களும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தன. மீன் பிடிக்க வருகிற ஆட்களிடமும் செவலை அப்படியே பழகியது.

"எருமை வைத்தியம்! த்தூ!" என்று காறித் துப்பினார் நரியார். இந்த நாயாவது தேறுவதாவது, ஆட்டுக்குட்டி நமக்குத்தான் என்று அவருக்கு உள்ளூரக் குஷி.

வைகாசியில் கிடைகள் சேர்ந்தன. புது நாய்களிடமும் செவலை தள்ளி நின்று அடியடியாகப் பழகியது. ஒருநாள் அந்தி சாய்ந்ததும் நரியார் குட்டி தூக்க வந்தார். செவலை குரைத்தது! பத்து நாய்களும் அதனுடன் ஓடிவந்து வளைத்துக்கொண்டன.

"ஐயோ செவலை! என்னை விடச் சொல்லு!"

"ஏன் நரியாரே பதறுறீரு? நட்ட நடுவுலதானே நிக்கிறீரு! ஓடாதீரு, பயம் தானாப் பறந்துடும்!"

பயம் பறக்கவில்லை. நரியாரின் வாலில் பாதிதான் போனது. கிடை கிளம்பிய அன்று செவலை ஆடுகளுக்கு முன்னால் நடந்தது.

பயந்தவனைக் கூட்டத்தில் பிடித்துத் தள்ளுகிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். பயந்தவனால் முடிந்த தூரத்தில் அவனோடு நின்று, அடியடியாகச் சேர்ந்து நடப்பவனே துணை.