மெயிலின் அடியில் பதினோரு வரி

அம்பத்தூரில் ஜெசிந்தா நடத்தும் அலுவலகக் கடித வகுப்பில் தெய்வநாயகம்தான் வயதில் மூத்த மாணவர். அவருக்கு ஐம்பத்திரண்டு, ஆசிரியைக்கு முப்பத்தொன்று. பம்புசெட் கம்பெனி ஒன்றில் பொது மேலாளர். ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, தன் மெயிலின் அடியில் வரும் கையொப்பத்தை அச்செடுத்து நீட்டினார்.

"இதுல என்ன தப்பு மேடம்?"

பட்டங்கள், பதவி, வாங்கிய விருது, கம்பெனிச் சின்னம், போதாக்குறைக்கு ஒரு பொன்மொழி. கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள்.

"ஏன் திடீர்னு கேக்குறீங்க?"

தெய்வநாயகம் தயங்கித்தான் சொன்னார். குணாளன் அவரோடு விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவன். இடையில் தொடர்பு விட்டுப்போயிருந்தது. வேலை போன நிலையில் முகவரி தேடிப் பிடித்து எழுதியிருந்தான். ஓரிடத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, இன்று நாலு மணிக்குள் நீ அங்கே எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. இவரும் ஆசையாகத்தான் பதில் போட்டார், 'உடனே கூப்பிடுடா' என்று. எண்தான் கீழேயே இருக்கிறதே என்ற நினைப்பு.

"கூப்பிடவே இல்ல மேடம். வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு. போன வாரம் நானே கூப்பிட்டேன். வாடா போடான்னு பேசினவன், 'சொல்லுங்க சார்'னான்."

"இதைப் பார்த்துத்தான் ஒதுங்கிட்டானோ?" என்று தாளைக் காட்டினார்.

ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். பத்தாவது வரியில் ஒரே ஓர் எண் இருந்தது. தன் போனில் அதை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

அது வரவேற்பறை எண். பதவி உயர்ந்தால் கையொப்பத்திலிருந்து சொந்த எண்ணை எடுத்துவிடுவது அந்தக் கம்பெனியில் வழக்கம். மூன்று வருடம் முன்பு பெருமையாக எடுத்தவர், எடுத்ததையே மறந்துபோயிருந்தார்.

"தெய்வநாயகம் சார்கிட்ட பேசணும்."

"சார் மீட்டிங்ல இருக்காருங்க. மெயில் போடுங்க."

"அவசரம்மா."

"யாரா இருந்தாலும் மெயில் போடச் சொல்லியிருக்காருங்க."

இணைப்பு துண்டானது. தெய்வநாயகம் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்ப கூப்பிட்டிருக்கான்," என்றார். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு நெனச்சிருப்பான்."

"நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தார். தன் பெயரை மட்டும் விட்டு, அதன் கீழே சொந்த எண்ணை எழுதினார்.

"இது போதுமா மேடம்?"

"போதும் சார். இனிமே உங்களைத் தேடுறவங்களுக்கு."