விதைக்கிழங்கைக் காத்த முயல்

மேகங்கள் வந்து இளைப்பாறிப் போகும் உயரமான மலைக்காடு ஒன்றில் ஒரு குகை இருந்தது. கரியன் என்ற காட்டுப்பன்றியும், கொண்டையன் என்ற காட்டுச்சேவலும், குட்டிகளோடு ஓர் எலியும், மாதி என்ற முயலும் அந்தக் குகையில் குளிர்காலத்தைக் கழித்துவந்தன. கரியனுக்குப் பிடிவாதம் அதிகம். கொண்டையனுக்கு வாய் அதிகம். எலிக்குப் பயம் அதிகம். மாதியோ எடுத்த காரியத்தை எளிதில் விடாது.

அந்த ஆண்டு மார்கழியில் விழத் தொடங்கிய உறைபனி, தை பிறந்த பின்னும் நிற்கவில்லை. புல்வெளி முழுவதும் நெருப்புப் பட்டதுபோல் கருகிக் கிடந்தது. குகைக்குள் சேர்த்து வைத்திருந்த தீனியும் தீர்ந்துபோனது. விலங்குகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு, "இந்தக் குளிர் எப்போதுதான் தொலையுமோ!" என்று முனகின.

மாதி மட்டும் தினமும் காலையில் காதுகளை உதறிக்கொண்டு எழும். வெளியே போய் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும்.

"இந்தப் பனியில் எங்கே கிளம்பிவிட்டாய்? வெளியே உனக்கு யாராவது விருந்து வைத்திருக்கிறார்களா?" என்று கேலி செய்தது கொண்டையன்.

"கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன். ஓடை இன்னும் ஓடுகிறது. அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்" என்றது மாதி.

"நன்றி சொன்னால் கேட்பதற்கு ஓடைக்குக் காது இருக்கிறதா?"

"எனக்கு இருக்கிறதே! நான் சொல்வதை நானே கேட்கும்போது உடம்பில் தெம்பு வருகிறது."

நாளுக்கு நாள் பசி வளர்ந்தது. ஒரு நாள் எலிக்குட்டிகள் விடாமல் அழுதன. அதைக் கேட்டுக்கொண்டிருந்த கரியன் சட்டென்று எழுந்தது.

"போதும்! பின்பக்கச் சரிவில் வள்ளிக்கிழங்கு புதைந்து கிடக்கிறது. வாருங்கள், தோண்டித் தின்போம்."

எலி பதறியது. "ஐயோ அண்ணா, அது விதைக்கிழங்கு! வசந்தத்தில் அதுதானே முளைத்துக் கொடியாகப் படரும்? அதைத் தின்றுவிட்டால் அப்புறம் நமக்கு ஒன்றுமே இருக்காதே!"

"வசந்தமாவது ஒன்றாவது! வெளியே எட்டிப் பார். நிலம் செத்துவிட்டது. செத்த நிலத்தில் எது முளைக்கும்? வராத வசந்தத்துக்காக உன் குட்டிகளைப் பட்டினி போடப் போகிறாயா?"

எலி தன் குட்டிகளைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது. "எனக்கும் சம்மதம்" என்றது கொண்டையன்.

அந்த நேரத்தில் நடை முடிந்து மாதி திரும்பியது. நடந்ததைக் கேட்டதும் அது குகை வாசலை மறித்து நின்றது.

"கரியண்ணா, ஒரே ஒரு முறை என்னோடு நடந்துவிட்டு வாருங்கள். நிலம் செத்துவிட்டதா இல்லையா என்று அதன் பிறகு பேசுவோம்."

"வருகிறேன். உன் வாயை அடைப்பதற்காகவாவது வருகிறேன்" என்று உறுமிக்கொண்டே கரியன் கிளம்பியது.

இரண்டும் முதலில் ஓடைக்குப் போயின. மேலே கண்ணாடிபோல் பனி மூடியிருந்தது. அதற்கு அடியில் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடையே, இத்தனை குளிரிலும் நிற்காமல் ஓடுகிறாய். உனக்கு நன்றி" என்றது மாதி.

"பனிக்கட்டியைத் தின்ன முடியுமா?" என்ற கரியன், கரையோரச் சேற்றை மூக்கால் கிளறி எதையோ மென்றது.

அடுத்து, காலை வெயில் முதலில் விழும் ஒரு பாறைக்கு வந்தன. "பாறையே, நீ தரும் சூட்டுக்கு நன்றி" என்று மாதி அதில் முதுகைச் சாய்த்தது.

"வெறும் கல்!" என்று கரியன் பக்கத்தில் கிடந்த கல்லைப் புரட்டியது. அங்கேயும் எதையோ மென்றது.

பிறகு அடர்ந்த மரங்களுக்குக் கீழே நடந்தன. "மரங்களே, எங்கள்மேல் பனி விழாமல் மறைக்கிறீர்கள். நன்றி" என்றது மாதி.

"இங்கே காய்ந்த சருகுதான் கிடக்கிறது!" என்று சலித்துக்கொண்ட கரியன், சருகுக்குள் முகத்தைப் புதைத்தது. நிமிர்ந்தபோது அதன் வாய் கடகடவென்று அசைந்துகொண்டிருந்தது.

மாதி தாழ்ந்த கிளை ஒன்றைக் காட்டியது. "இதோ, மொட்டு!"

"கார்த்திகையிலிருந்தே அது இப்படித்தான் மூடிக் கிடக்கிறது. எங்கே உன் வசந்தம்? எனக்குக் காட்டு, பார்க்கலாம்!"

"காட்ட என்னால் முடியாது, அண்ணா. நானும் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் வரும் என்று நம்புகிறேன்" என்றது மாதி.

"நம்பிக்கையைத் தின்று யாருக்கும் வயிறு நிறையாது!" என்று சொல்லிவிட்டு, கரியன் கிழங்குச் சரிவை நோக்கி நடந்தது.

மாதி பாய்ந்து ஓடியது. கரியனுக்கு முன்னால் போய்ச் சரிவின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"முதலில் என்னைத் தூக்கி எறியுங்கள். அப்புறம் கிழங்கைத் தோண்டுங்கள்!"

கரியனின் தந்தம் மாதியின் முகத்துக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்தது. மாதி இம்மியும் நகரவில்லை. சத்தம் கேட்டுக் கொண்டையனும் எலியும் குகையிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தன.

"நகரு!" என்று கத்தியது கரியன். "பசியில் எனக்குக் கண் இருட்டுகிறது! இந்தச் செத்த நிலத்தில்..."

மேலே பேச முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு பெரிய ஏப்பம் கிளம்பி வந்தது.

"ஏஏவ்!"

எலி மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தது.

"அண்ணா, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆவலோடு கேட்டது.

கரியன் விழித்தது. "ஓடைக்கரையில் கொஞ்சம் கோரைக்கிழங்கு. அப்புறம்... கல்லுக்கு அடியில் நாலைந்து புழு. சருகுக்குள் சில கொட்டைகள்."

"செத்த நிலமா அண்ணா உங்களுக்கு இவ்வளவும் போட்டது?" என்று கேட்டது மாதி. "நான் நன்றி சொன்ன இடத்தில் எல்லாம் நீங்கள் குறை சொன்னீர்கள். குறை சொல்லிக்கொண்டே வயிறாரத் தின்றீர்கள்!"

கரியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது மெல்லப் பின்வாங்கியது. பிறகு எலியிடம், "குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வா. ஓடைக்கரையில் இன்னும் இருக்கும். நான் தோண்டித் தருகிறேன்" என்றது.

அன்று முதல் எல்லா விலங்குகளும் தினமும் நடந்தன. எல்லா நாளும் வயிறு நிறைந்துவிடவில்லை. சில நாள் அரை வயிறு, சில நாள் அதுவும் இல்லை. பாதங்கள் பனியில் வெடித்தன. ஒரு நாள் பெருங்காற்று அவற்றைக் குகைக்கே விரட்டி அடித்தது. மறுநாள் காலையில் அவை மறுபடியும் கிளம்பின. கிடைத்ததைப் பகிர்ந்து தின்று, கிடைத்ததற்கு நன்றி சொல்லின. விதைக்கிழங்கு இருந்த சரிவை மட்டும் யாரும் தொடவில்லை.

மாசி பாதி கழிந்ததும் ஒரு மழை பெய்தது. அந்த மழையில் குளிர் இல்லை. மறுநாள் காலையில் சரிவெங்கும் செந்நிற முளைகள் மண்ணை முட்டிக்கொண்டு தலைகாட்டின.

"வசந்தம் வந்துவிட்டது! இனி யாரும் நடக்க வேண்டாம். நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம்!" என்று கூவியது கொண்டையன்.

கரியன் ஒரு முளையையும் மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

"அந்தக் குளிரிலேயே நடந்தோம். இப்போதா படுப்போம்? வா, வா, நட!" என்றது.

நீதி: இன்று கிடைத்ததற்கு நன்றி சொல்பவரே நாளை வரப்போவதை நம்பிக் காத்திருப்பார்.