தூக்கணாங்குருவியின் மேல்படிப்பு

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் பத்து ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். அது கவிழ்த்த கூடை மாதிரித் தொங்கும். பெண் குருவி வந்து உள்ளே உட்காரும். நாரை இழுத்துப் பார்க்கும். ஆடிப் பார்க்கும். பிடித்திருந்தால் சரி என்று சொல்லும். அப்புறம்தான் மீதிக் கூடு, கல்யாணம், முட்டை எல்லாம். பிடிக்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கும்.

சிங்காரம் என்ற குருவி கட்டிய பாதிக் கூட்டைப் பார்க்க அலமேலு என்ற குருவி வந்தது. உள்ளே உட்கார்ந்தது. இரண்டு தடவை ஆடியது. கண் சொருக வெளியே வந்தது.

"வேண்டாம்!"

அதற்கு மேலும் ஏதோ சொல்ல அலமேலு வாயைத் திறந்தது. சிங்காரத்துக்கு அதற்குள் ரோஷம் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்! இவன் பெரிய படிப்புப் படிக்காதவன்னுதானே வேண்டாங்கிறே? இரு, இரு! கட்டடக்கலையில மேல்படிப்புப் படிச்சுட்டு வந்து காட்டறேன்!"

"அய்யே! நான் அதைச் சொல்லவே இல்லீங்களே..."

சிங்காரம் அதைக் கேட்க அங்கே இல்லை. அலமேலு பெருமூச்சு விட்டது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு கூட்டை முடிவு செய்தால்தான் முட்டை வைக்க முடியும். "சரி, மேகம் கறுக்கிற வரைக்கும் பார்ப்போம்" என்று அது சொல்லிக்கொண்டது. சிங்காரத்தின் மூக்கு அதற்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

மறுநாள் பக்கத்துக் கிளையில் இருந்த கதிரேசன் குருவி சிங்காரத்தைக் கேட்டது. "எந்தக் காலேஜ்ல சேரப்போறே?"

"வாசல் பெரிசா இருக்கணும்! பேரைச் சொன்னதும் மரமே வாயைப் பிளக்கணும்! அந்த மாதிரி இடமா பார்த்துட்டு இருக்கேன்!"

"அங்க என்ன சொல்லித் தருவாங்க?"

"அதெல்லாம் சேர்ந்த பிறகு கேட்டுக்கலாம்!"

முதலில் அது கறையான் புற்றுக்குப் போனது. புற்று பனைமரத்தில் பாதி உயரம் இருந்தது. யாரையும் கொத்தித் தின்ன மாட்டேன் என்று சிங்காரத்திடம் மூன்று தடவை சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே தலைமைக் கறையான் வெளியே வந்தது.

"பதினோரு மாடி! காத்துப் போக வழி! எங்கேயும் கிடைக்காத படிப்பு!" என்றது தலைமைக் கறையான்.

"வாசல் அழகா இருக்குங்கம்மா!"

"சந்தோஷம். சேர்ந்த அன்னிக்கே சிறகைக் கழட்டி வாசல்ல வெச்சுடணும். அதுதான் இங்க சட்டம். எங்க பிள்ளைங்க வெச்சிருக்கிறதைப் பாரு!"

வாசலில் சிறகுகள் உதிர்ந்து குவிந்து கிடந்தன. சிங்காரம் தன் சிறகுகளை இறுக்கி ஒட்டிக்கொண்டது.

"யோசிச்சுச் சொல்றேங்கம்மா!"

வீட்டுக்கு வந்து பத்து நாள் யோசித்தது.

அடுத்ததாகப் புளியமரத்துச் சிலந்தியிடம் போனது. சிலந்தி வாத்தியார் வலையின் நடுவில் எட்டுக் காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"வாப்பா, வா! காத்தோட்டமான வகுப்பு. நாலு பக்கமும் வெளிச்சம்!"

"உங்ககிட்டப் படிச்சவங்க இப்ப எங்கே இருக்காங்க, சார்?"

"என் மாணவருங்க யாரும் என்னை விட்டுப் போனதே இல்லை! இதோ, இங்கேதான் தொங்கறாங்க!"

சிங்காரம் அண்ணாந்து பார்த்தது. ஏழு ஈ, இரண்டு கொசு, ஒரு தும்பி. எல்லாம் நூலில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கின. எதுவும் பேசவில்லை.

"ரொம்ப அமைதியான பிள்ளைங்க" என்றது சிலந்தி.

"யோசிச்சுச் சொல்றேங்க சார்!"

இன்னும் பத்து நாள் யோசித்தது.

கடைசியாகக் குளத்துக்குப் போனது. அங்கே தவளைப் பேராசிரியர் ஒரு தாமரை இலை மேல் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றது. முன்னால் நூறு தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு பாடம் கேட்டன.

"வீடுன்னா என்ன? நீ சொல்லு!" என்று சிங்காரத்தைப் பார்த்துத் தவளை கேட்டது.

"சுவர்... கூரை..."

"தப்பு! சுவர் பழைய காலம்! கூரை அதைவிடப் பழைய காலம்! வானம்தான் கூரை, தண்ணிதான் தரை!"

"முட்டையை எங்கேங்க ஐயா வைக்கிறது?"

"தண்ணியில போடு!"

"முங்கிடாதா?"

"முங்கட்டுமே! அதுவும் ஒரு கட்டடக்கலைதான்!"

நூறு வால்கள் படபடவென்று தண்ணீரில் அடித்தன. சிங்காரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றும் புரியாததால் இதுதான் ரொம்பப் பெரிய படிப்பு என்று தோன்றியது.

மறுபடியும் யோசனை. கரை மணலில் மூக்கால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தது. கறையான் கல்லூரியில் வாசல் நன்று. சிலந்திக் கல்லூரியில் வெளிச்சம் நன்று. தவளைக் கல்லூரியில் தண்ணீர்க் கஷ்டமே இல்லை. எதில் சேருவது?

அப்போது அலமேலு வந்து பக்கத்தில் இறங்கியது. மேற்கே வானம் தோசைக்கல் மாதிரிக் கறுத்திருந்தது.

"என்னங்க, எந்தக் காலேஜ்?"

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்! அவசரப்படுத்தாதே!"

"போய் என்ன படிக்கப்போறீங்க?"

"கட்டடக்கலை!"

"அதுல எது தெரியலைன்னு போறீங்க?"

சிங்காரம் முழித்தது. "எது... எல்லாம்தான்... பொதுவா..."

"நான் ஏன் வேண்டாம்னேன்? அதாவது தெரியுமா?"

சிங்காரம் மணலைக் கிளறியது.

"ஆடுது! உங்க கூடு ஆடுதுங்க! பின்னல் தங்கமா இருக்கு. ஆனா லேசாக் காத்தடிச்சாக் குட்டிக்கரணம் போடுது. முட்டையை நான் கால்ல இடுக்கிக்கிட்டா படுப்பேன்? உள்ளே கொஞ்சம் கனம் வேணும். எதை வெச்சுக் கனம் ஏத்தறதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கே சொல்ல வந்தேன். காதுல வாங்கினாத்தானே!"

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்! முதல் தூறல் விழறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா நான் மூணாம் கிளைக் கூட்டுக்குப் போயிடுவேன். அந்தக் கூடு கோணல்தான். ஆனா இந்த அளவுக்கு ஆடலை!"

குளிர்ந்த காற்று வந்தது. ஈச்ச ஓலைகள் சலசலத்தன. தவளைகள் கத்த ஆரம்பித்தன. புளியமரத்தில் சிலந்தி வாத்தியாரின் கல்லூரியே பிய்ந்து பறந்தது. சிங்காரம் சுற்றிப் பார்த்தது. அவ்வளவு காற்றிலும் அசையாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். கறையான் புற்று!

சிங்காரம் பறந்து போய் அதன் வாசலில் தொப்பென்று விழுந்தது.

"அம்மா! ஒரே ஒரு கேள்வி!"

"சிறகைக் கழட்டினியா?"

"கழட்ட மாட்டேன்! உள்ளேயும் வர மாட்டேன்! கூட்டுக்குள்ள கனம் ஏத்தணும். காத்துல உதிரக் கூடாது. என்ன செய்யறது?"

தலைமைக் கறையான் தலையில் அடித்துக்கொண்டது. "ஈரக் களிமண்ணை எச்சில் தொட்டு உள்சுவர்ல அப்பு! காயறதுக்குள்ள அமுக்கிவிடு! எங்க வீட்டுல நேத்துப் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்! இதைக் கேக்காம அன்னிக்கு வாசல் அழகைப் பார்த்துட்டுப் போனியாக்கும்?"

சிங்காரம் குளக்கரைக்கும் கூட்டுக்கும் பறந்தது. வாய் நிறையக் களிமண்ணை அள்ளியது. அப்பியது. அமுக்கியது. மறுபடி அள்ளியது.

"ஐயோ, எங்க காலேஜ்ல தரையைத் திருடறான்!" என்று தவளைப் பேராசிரியர் அலறியது.

ஒரு துளி விழுந்தது. அலமேலு மூன்றாம் கிளையைப் பார்த்தது. அப்புறம் சிங்காரத்தின் கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. காற்று ஓங்கி அடித்தது. மற்ற பாதிக் கூடுகள் எல்லாம் பம்பரமாகச் சுற்றின. சிங்காரத்தின் கூடு, பிள்ளை தூங்கிய பிறகு தொட்டில் அசையுமே, அந்த மாதிரி மெல்ல அசைந்து நின்றது.

அலமேலு எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தது.

"ம்" என்றது.

சிங்காரம் தலையை உள்ளே நீட்டியது. "ம்-னா என்ன?"

"சரின்னு அர்த்தம்! வாயைப் பார்த்துட்டு நிக்காதீங்க, மீதியைக் கட்டுங்க! நான் நனையறேன்!"

அந்த மழையில் அந்தக் கூட்டில் நாலு முட்டைகள் பத்திரமாக இருந்தன. மழை விட்டதும் சின்னக் குருவிகள் வந்து சூழ்ந்துகொண்டன.

"அண்ணே! நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

சிங்காரம் நெஞ்சை நிமிர்த்தியது. தொண்டையைக் கனைத்தது. "நான் படிச்சது வந்துப்பா..."

அலமேலு கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"காலேஜ் தேடினது ஒரு மாசம்! படிச்சது வாசல்ல நின்னு ஒரு நிமிஷம்!"

தனக்கு என்ன தெரியவில்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான், எங்கே போய்ப் படிப்பது என்பது தெரியும்.