வென்ற குவியலின் கற்கள்

ஒரு காட்டில், மேடான இடத்தில் ஏரி ஒன்று இருந்தது. ஏரியிலிருந்து கிழக்கே இறங்கினால் சந்தைப்பக்கம். ஊர்ச்சந்தையை ஒட்டிப் பிழைக்கும் குரங்குகளும் பூனைகளும் கீரிகளும் அங்கே வாழ்ந்தன. மேற்கே இறங்கினால் புதர்ப்பக்கம். பன்றிகளுக்கும் மான்களுக்கும் முயல்களுக்கும் அதுதான் வீடு. பக்கத்துக்கு ஒரு மதகு இருந்தது.

குடித்தது ஒரே ஏரித் தண்ணீர்தான். ஆனாலும் சந்தைப்பக்கத்தார் மற்றவர்களைக் "கிழங்குதின்னிகள்" என்று கேலி செய்தார்கள். புதர்ப்பக்கத்தார் பதிலுக்கு "எச்சில்பொறுக்கிகள்" என்றார்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசியில் எல்லா விலங்குகளும் கரையடியில் கூடும். ஆளுக்கொரு கல்லை உருட்டி வந்து இரண்டு குவியல்களில் ஒன்றில் போடும். எந்தப் பக்கத்தின் குவியல் பெரியதோ அந்தப் பக்கத்துக்கே அந்த ஆண்டின் கரைக்காவல். ஓர் ஆண்டு சந்தை வெல்லும், மறு ஆண்டு புதர் வெல்லும்.

வென்றவர்கள் முதலில் செய்யும் வேலை என்ன தெரியுமா, குழந்தைகளே? தங்கள் குவியலின் கற்களையே கொண்டுபோய் தோற்றவர்களின் மதகை அடைப்பார்கள். அடுத்த புரட்டாசி வரைக்கும் தோற்றவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது.

இரண்டு பக்கத்தோடும் உறவு கொண்டாடியது ஒரு நரி மட்டும்தான். எந்தக் குவியல் வளர்கிறதோ அதன் அருகில் போய் உட்கார்ந்துகொள்ளும். வென்றவர்களுக்கு ஆலோசனை சொல்லி, மதகடி நண்டுகளைக் கூலியாகத் தின்னும். பகை தீர்ந்துவிட்டால் ஆலோசனை கேட்க யாரும் வரமாட்டார்கள் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டு சந்தைப்பக்கம் வென்றது. குரங்குத் தலைவர் கிளையாண்டி மரத்துக்கு மரம் தாவிக் கூத்தாடியது. ஆனால் மழையில் நனைந்துகொண்டு கரையில் நிற்க எந்தக் குரங்கும் முன்வரவில்லை. பூனைகளோ தண்ணீர் என்றாலே ஓடின. கடைசியில் காவல் வேலை செம்பி என்னும் கீரிக்குக் கிடைத்தது.

கீரி வளையிலிருந்து கரைக்காவலுக்கு வந்த முதல் கீரி செம்பிதான். எங்கே தவறு நடந்துவிடுமோ என்ற பயம் அதற்கு எப்போதும் உண்டு. காலையில் பார்த்த இடத்தையே மதியமும் போய்ப் பார்க்கும்.

"கரை என்ன, நீ கண் மூடினா எழுந்து ஓடிடுமா செம்பி?" என்று பூனைகள் சிரிக்கும்.

செம்பியும் சிரித்து வைக்கும். பிறகு மறுபடியும் போய்ப் பார்க்கும்.

ஐப்பசி வந்தது. மழை விடாமல் கொட்டியது. ஏரி விளிம்பு வரை ஏறிவிட்டது. கிழக்கு மதகு திணறித் திணறித் தண்ணீரைத் தள்ளியது. மேற்கு மதகோ கல்லும் களிமண்ணுமாக இறுகிக் கிடந்தது.

ஒரு காலையில், கிழக்குக் கரையின் அடியில் தண்ணீர் கசிவதைச் செம்பி கண்டது. தெளிந்த நீராக இருந்தால் பயமில்லை. இதுவோ கலங்கலாக வந்தது. தண்ணீர் கரையின் மண்ணை உள்ளிருந்தே கரைத்துக்கொண்டு வருகிறது என்று செம்பிக்குப் புரிந்தது. நேர் கீழே கீரி வளைகள். செம்பியின் குட்டிகள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தன. அதற்கும் கீழே சந்தைப்பக்கம் முழுவதும்.

செம்பி கிளையாண்டியிடம் ஓடியது.

"தலைவரே, கரை உள்ளே கரையுது. மேற்கு மதகையும் உடனே திறக்கணும்!"

"என்னது? ஜெயிச்சது நாம. திறக்கறது அவங்க மதகா?" என்று கிளையாண்டி கத்தியது.

பக்கத்தில் இருந்த நரி மெதுவாகச் சொன்னது: "திறந்து பாருங்க தலைவரே. சந்தைப்பக்கம் பயந்துடுச்சுன்னு கிழங்குதின்னிங்க காடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்க. அடுத்த வருஷம் உங்க குவியல்ல ஒரு கல் விழாது."

"கேட்டியா? போய் உன் வேலையைப் பாரு!" என்றது கிளையாண்டி.

செம்பி திரும்பியது. 'இதுதானே என் வேலை?' என்று நினைத்தது. தனியாக அந்தக் கற்களை அசைக்க அதனால் முடியாது. இறுகிய அடைப்பைக் கிளறி எடுக்கத் தெரிந்தவை பன்றிகள். வெல்லும் ஆண்டுகளில் தங்கள் மதகைத் திறந்து திறந்து பழகியவை அவைதானே!

செம்பி மேற்குச் சரிவில் இறங்கியது. காவலில் இருப்பவர் யாரும் அதுவரை தோற்றவர் பக்கம் போனதில்லை.

பன்றித் தலைவர் கோரையன் சேற்றில் படுத்தபடியே கேட்டது: "என்னம்மா, எச்சில் தீர்ந்துபோச்சா? கிழங்கு கேட்டு வந்தியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அண்ணா, உங்க மதகைத் திறக்கணும். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுக் கரைக்கு வாங்க" என்றது செம்பி.

கோரையன் தலையைத் தூக்கியது.

"கரையில கால் வெச்சா விரட்டி அடிப்பீங்களே! இப்ப நீயே வந்து கூப்பிடுற. நீங்க ஜெயிச்சா கோடையில சொட்டுத் தண்ணி விடமாட்டீங்க. அடைமழையில திறந்து எங்களை மூழ்கடிக்கிற திட்டமா? இதனால எங்களுக்கு என்ன லாபம், சொல்லு பார்ப்போம்."

செம்பிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"உங்க லாபத்துக்காக நான் வரல, அண்ணா. கரை எங்க பக்கம் உடையப் போகுது. என் குட்டிங்க அடியில இருக்கு. அந்தப் பயத்துலதான் வந்தேன். ஆனா ஒண்ணு, கரை உடைஞ்சா ஏரி முழுசா வடிஞ்சிடும். வர்ற கோடைக்கு உங்களுக்கும் தண்ணி இருக்காது."

கோரையன் எழுந்து நின்றது. 'எல்லாம் உங்கள் நன்மைக்கே' என்று ஆரம்பிப்பவர்களை அது நிறையப் பார்த்திருந்தது. பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு வந்தவர் இந்தக் கீரி ஒன்றுதான்.

"இவ பொய் சொல்லல. கிளம்புங்கடா!" என்றது.

பன்றிகள் கரை ஏறியதும் அங்கே அமளி கிளம்பியது. குரங்குகள் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தன.

"பார்த்தீங்களா தலைவரே! நம்ம காவலே நம்மைக் காட்டிக்கொடுத்துடுச்சு!" என்று நரி ஊளையிட்டது.

செம்பி கிளையாண்டியின் முன்னால் போய் நின்றது. அது சொன்னது: "தலைவரே, ஒரே ஒரு தடவை என்கூட கீழே வந்து பாருங்க. அப்புறம் என்னைக் காவல்லருந்து துரத்திடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கிளையாண்டி முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. காலையில் நூலாகக் கசிந்த நீர் இப்போது வாய்க்காலாக ஓடியது. அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து, சொத்தென்று அதன் காலடியில் விழுந்தது.

கிளையாண்டி ஒரே தாவலில் கரை மேல் நின்றது.

"ஏண்டா இன்னும் நிக்கிறீங்க? கல்லை எடுங்கடா! கோரையா, உனக்கு வழி விடச் சொல்றேன், கிளறு!"

பன்றிகள் களிமண்ணைக் கிளறின. குரங்குகள் வரிசையாக நின்று கற்களைக் கை மாற்றின. கடைசிக் கல் நகர்ந்ததும் மேற்கு மதகு வழியே தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து, வாய்க்கால் பிடித்து ஓடியது. ஏரியின் மட்டம் மெல்ல மெல்ல இறங்கியது.

செம்பி கிழக்குக் கரையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வாய்க்காலாக ஓடிய கசிவு மறுபடி நூலானது. நூல் துளியானது. துளியும் தெளிந்தது. அப்போதுதான் அது வளைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்து இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன. செம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறு புரட்டாசி வந்தது. இந்த முறை புதர்ப்பக்கத்தின் குவியல் பெரியதாக எழுந்தது. நரி மெல்ல நகர்ந்து கோரையன் அருகில் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, கிழக்கு மதகை அடைக்க நல்ல பெரிய கல்லாவே விழுந்திருக்கு."

கோரையன் எழுந்து குவியலுக்குப் போனது. பெரிய கல் ஒன்றை மூக்கால் உருட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது. மற்றப் பன்றிகளும் கற்களோடு பின்தொடர்ந்தன. சந்தைப்பக்கமே மூச்சை அடக்கிக்கொண்டது.

கல் மதகை நெருங்கியது. மதகில் நிற்கவில்லை. அதைத் தாண்டி உருண்டு, போன மழையில் கசிந்த இடத்தில் போய் நின்றது.

"இந்த இடம்தானே செம்பி?" என்று கேட்டது கோரையன். "வா, வந்து சரியாக் காட்டு. இங்கே கரையைக் கெட்டியாக் கட்டிடுவோம்."

செம்பி ஓடியது. அதன் பின்னால் குரங்குகளும், தோற்ற தங்கள் குவியலின் கற்களை அள்ளிக்கொண்டு ஓடின.

நரி வேறு காடு தேடிப் போனது.

நீதி: வென்றவர் காக்க வேண்டியது தம் பக்கத்தை மட்டும் அல்ல, தோற்றவருக்கும் பொதுவான கரையை.