துண்டு பிடித்த இடம்

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எள் விழ இடமில்லை. அந்தக் கூட்டத்திலும் ரைஸ்மில் முதலாளி தெய்வேந்திரன் ஒரு சீட்டில் தானும் பக்கத்து சீட்டில் தன் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். நிறைமாதக்காரி வேலுத்தாய் கேட்டாள்: "அண்ணாச்சி, துண்டை எடுத்தா உக்காந்துக்கிடுவேன்."

"ஆள் வருது."

ஸ்டாப் ஸ்டாப்பாகப் போயிற்று. எந்த ஆளும் வரவில்லை. கேட்டால், "அடுத்த ஸ்டாப்ல ஏறும்" என்கிறார். துண்டுக்குக் கால் வலிக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த ஸ்டாப்பில் வேலுத்தாய் ஜன்னல் பக்கம் குனிந்து கத்தினாள்: "ரைஸ்மில் அண்ணாச்சியோட ஆளு யாரு? எடம் போட்டு வச்சிருக்காக, வெரசா ஏறுங்க!"

"நாந்தான்!" என்று ஏறிய மீன்காரி துண்டின் மேலேயே உட்கார்ந்தாள். சொட்டுகிற கூடை முதலாளியின் வெள்ளை வேட்டியில் சாய்ந்தது.

தெய்வேந்திரன் துள்ளி எழுந்தார். "யாரு இவ? எனக்கு ஆளும் வரல, ஒண்ணும் வரல!"

பஸ்ஸே சிரித்தது. அவர் எழுந்த இடத்தில் வேலுத்தாய் உட்கார்ந்துகொண்டு, மீன்காரிக்கு அடியிலிருந்து துண்டை உருவி நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி, மேல கம்பியில போட்டுக்கிடுங்க. நிக்கதுக்கும் எடம் பிடிக்கணும்லா?"