நான்காவது ஏரி

ஆறு ஏரிகளைச் சுற்றி வர ஐந்து நாள். கூடாரத்தையும் அரிசியையும் முதுகில் சுமந்து இமயத்துச் சரிவுகளில் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். சிதம்பரதாணு நான்காவது ஏரிக்காக மட்டுமே வந்திருந்தார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரையில்தான் அவருடைய குரு உமையம்மைக்கு எல்லாம் ஒன்றென்று தெரிந்தது. நாகர்கோவில் மடத்தில் அந்த ஏரியின் படத்துக்குத்தான் தினமும் விளக்கு. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த தாணு ஆறு வருஷம் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

"எனக்கும் அது கிடைக்குமாம்மா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள், "மூட்டையைக் கட்டுங்க அண்ணாச்சி," என்றார் அம்மை. அவர் தாணுவைவிடப் பதினொரு வயது இளையவர்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான்காவது ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். காலையிலிருந்தே தாணுவுக்கு மண்டையைப் பிளந்தது. ஒதுங்கிப் போய் இரண்டு தடவை வாந்தியும் எடுத்தார். சொன்னால் அம்மை திருப்பிக் கூட்டிப் போய்விடுவாரோ என்று பயந்து மூச்சே விடவில்லை. ஆசை யாரை விட்டது!

அம்மை தண்ணீர் மொண்டு வருவதற்குள் தாணு சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தாரை தாரையாக நீர்.

"அம்மா, வந்துட்டு."

"என்ன வந்துட்டு?"

"எல்லாம் ஒண்ணுதான். மலையும் நான், தண்ணியும் நான். குளிரே தெரியல. ஏரி என்னைக் கூப்பிடுது. உள்ள போறேன்."

அம்மை அவர் உதட்டைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது.

"நேரா நாலு எட்டு நடங்க, பார்ப்போம்."

மூன்றாவது எட்டில் தாணு விழுந்தார். விழுந்தும் சிரித்தார்.

குரு தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார் என்று காத்திருந்தவருக்குக் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. சட்டையை மாட்டிவிட்டு, கூடாரம், அரிசி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி அம்மை கீழே இழுத்தார்.

"உனக்குப் பொறாமை! இன்னொருத்தனுக்குக் கிடைக்கக் கூடாதுங்கிற பொறாமை!" என்று தாணு வழியெல்லாம் கத்தினார். வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகளும் வந்தன. அம்மை கயிற்றை விடவில்லை.

மூன்று மணி நேரம் இறங்கி மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே உட்கார்ந்ததும் தாணுவுக்குத் தலை தெளிந்தது. கூடவே எல்லாம் போய்விட்டது. மலை வெறும் மலையாக இருந்தது. தாங்க முடியாமல் குளிர்ந்தது. அவர் விம்மி விம்மி அழுதார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமேம்மா!"

"செத்துருப்பீங்க. அந்த உயரம் சில பேருக்கு ஒத்துக்கிடாது, மூளையில நீர் கோத்துக்கிடும். சிலர் சும்மா சிரிப்பாங்க. சிலருக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியும்."

தாணுவின் அழுகை நின்றது. அம்மையின் முகத்தையே பார்த்தார். கேட்கவே பயமாக இருந்தது.

"அப்போ... அன்னைக்கு நீங்க பார்த்தது?"

அம்மை தன் கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

"அன்னைக்கு நாலு எட்டு நடக்கச் சொல்லிப் பார்க்க எங்கூட யாரும் வரல, அண்ணாச்சி."